வீட்டுப் பக்கமிருந்து வந்த மின்சாரம்

போன வாரம் பயிற்சி வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பதித்திருக்கிறார்கள். உச்சி வெயில். தெருவில் மின்சாரம் நின்றுவிட்டது. உடனே அந்த வீட்டு இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிட வேண்டும் என்கிறது விதி. "தலைக்கு மேல வெயில் கொளுத்துது. தகடு அவருது, கூரை அவருது. அவர் ஏன் சார் ஃபேன் இல்லாம உக்காரணும்?" என்று கேட்டீர்கள்.

நியாயமான கேள்விதான். நேரமில்லாததால் ஒரே வரியில் பதில் சொன்னேன். அந்த வீட்டு மின்சாரம் தெரு லைனுக்குள் போனால், அங்கே வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து என்றேன். நீங்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். ஆனால் முகத்தில் சமாதானம் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் வயதில் எனக்கும் அந்த விதி மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தும் ஒரு மனிதரைக் கம்பத்தில் ஏறச் சொன்னேன். அந்தக் காலை நேரத்தைப் பற்றி இதுவரை வகுப்பில் பேசியதில்லை. எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

அது எழுபதுகளின் கடைசி. எனக்குத் திருத்தணி மின்வாரியத்தில் ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.) வேலை. அரக்கோணத்தில் வீடு. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் நான் யாரிடமும் திட்டு வாங்கவில்லை. அதுவே ஒரு கெடுதல் என்று பிறகுதான் புரிந்தது.

சூரியத் தகடு என்பதை அப்போது நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் மின்சாரம் உண்டாக்க வேண்டுமென்றால் டீசல் ஜெனரேட்டர்தான். அதுவும் மைக் செட் வைத்திருப்பவர்களிடம்தான் இருக்கும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைப்பதென்றால் நடுவில் ஒரு மாற்று சுவிட்ச் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் தெரு மின்சாரம், மறு பக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரு கணம்கூடச் சேரக் கூடாது. இதுதான் அன்றைய விதி. இன்றைக்கு உங்கள் இன்வெர்ட்டர் தானாகச் செய்கிற காரியத்தை அன்று ஒரு கைப்பிடி செய்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. காவடிகள் மலைப்படியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. விடியற்காலையில் ஒரு காற்று அடித்து, மலையடிவாரத்தில் நெசவாளர்கள் குடியிருந்த ஒரு சந்தில் பந்தலுக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பம் சரிந்து லைன் மேல் விழுந்துவிட்டது. இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே கம்பிகள் எல்லாம் அறுந்து தரையில் கிடந்தன. அறுந்த இடத்துக்கு அப்பால், சந்தின் கோடியில் மூன்றே வீடுகள். அவற்றை அடுத்து ஒரு மோட்டார் கொட்டகை. பக்தர்களுக்கு வைத்திருந்த குடிநீர்த் தொட்டிக்கு அந்த மோட்டார்தான் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது.

காலை எட்டு மணிக்கெல்லாம் தொட்டி காலி. குழாயடியில் குடங்களோடும் சொம்புகளோடும் நின்றவர்கள் கூச்சல் போடத் தொடங்கிவிட்டார்கள். விழாக் குழுக்காரர் ஒருவரும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, "எப்ப சார் வரும்?" என்று கேட்டார்கள்.

என்னோடு இருந்த லைன்மேன் பெயர் முனிரத்தினம். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு. அதிகம் பேச மாட்டார். வேலை தொடங்கும் முன்பே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் மூன்று ப்யூஸையும் தன் கையால் பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அறுந்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி கீழே தயாராக விரித்துக் கிடந்தது. இனி அவர் அப்பால் இருந்த கம்பத்தில் ஏறிக் கட்ட வேண்டியதுதான்.

ஏறுவதற்கு முன் லைன் மேல் ஒரு சங்கிலியை வீசிப் போடுவது வழக்கம். சங்கிலி எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். எங்கிருந்தாவது மின்சாரம் வந்தால், அது ஆளைத் தொடாமல் அங்கேயே தெரிந்துவிடும். அன்றைக்கு அந்தச் சங்கிலி எங்களிடம் இல்லை. காலையில் பேருந்து நிலையம் பக்கம் வேலைக்குப் போன இன்னொரு குழு எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"சங்கிலிக்கு ஆள் அனுப்பட்டா சார்?" என்று முனிரத்தினம் கேட்டார்.

"இந்தக் கூட்டத்துல ஆள் போய் வர ஒரு மணி நேரம் ஆவும். ப்யூஸ் உங்க பையில இருக்குது. நடுவுல கம்பியே கெடையாது. அந்தப் பக்கம் எங்கேர்ந்து வரும் கரண்டு? ஏறுங்க."

அவர் ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு காலை முதல் படியில் வைத்தார்.

அப்போது கோடி வீடுகளில் ஒன்றிலிருந்து மங்கம்மா என்ற பெண்மணி வெளியே வந்தார். கையில் நூல் சுற்றுகிற கதிர். என்னைப் பார்த்துச் சிரித்த முகமாகச் சொன்னார்.

"பரவால்ல நைனா, சீக்கிரமே உட்டுட்டீங்க. எங்க வூட்ல ஃபேன் சுத்திக்கினு இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கரண்ட் இன்னும் வரலம்மா. காத்துல சுத்துது போல."

"காத்துல சுத்துறதுக்கும் கரண்டுல சுத்துறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?" என்றார் அவர்.

முனிரத்தினம் படியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"சங்கிலி வரட்டும் சார்."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வீர்கள். மங்கம்மா வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பத்து அடி தூரம்தான். நான் போகவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வராது" என்று அவர் காதுபட நான் சொல்லியாகிவிட்டது. அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

"ஜனங்க தண்ணிக்குத் தவிக்கிறாங்க. ஃபேன் சுத்துது, பேய் சுத்துதுன்னுகினு நிக்கிறீங்களே. ஏறுய்யா!" என்று கத்தினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முனிரத்தினம் கயிற்றை அவிழ்த்து ஏணியில் மாட்டினார். குரல் உயரவில்லை.

"முனிரத்தினம் ஏறலன்னு எழுதி வெச்சிக்குங்க சார். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். சங்கிலி இல்லாம ஏற மாட்டேன்."

ஹெல்பர் ஒருவர் கூட்டத்தை முட்டிக்கொண்டு சங்கிலிக்கு ஓடினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விழாக் குழுக்காரர் வந்து, "இன்னா சார், உங்க ஆளே உங்க பேச்சக் கேக்க மாட்டேன்றான்?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. நாளைக்கே இவர்மேல் எழுத வேண்டும் என்று மனதுக்குள் வாசகம்கூடத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

சங்கிலி வந்தது. முனிரத்தினம் எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். சங்கிலியின் ஒரு முனையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துச் சுழற்றி, செத்துப்போன லைன் என்று நான் சொன்ன அந்தக் கம்பிகள் மேல் வீசினார்.

வெள்ளையாக ஒரு பொறி பறந்தது. படார் என்று சத்தம். குழாயடியில் நின்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அதே நொடியில் சந்தின் கோடியில் ஒரு டீசல் இன்ஜின் திணறி, இருமி, நின்றுபோனது. அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெருத் தெருவாக மைக் செட்டும் பம்பையும் உடுக்கையும் முழங்கிக்கொண்டிருந்த ஊரில் ஒரு சின்ன ஜெனரேட்டர் சத்தம் யார் காதில் விழும்?

நான் ஏணியைப் பார்த்தேன். அதற்கு நேர் மேலே, ஆள் கை வைக்கிற உயரத்தில், சங்கிலி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.  பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். மூன்று தீக்குச்சி வீணாகி நான்காவதில்தான் பற்றியது.

ரகுபதி என்பவர் வீட்டு வாசலில் ஜெனரேட்டர் இருந்தது. ரகுபதி தறி நெய்கிறவர். கே.ஜி.கண்டிகையில் மைக் செட் வைத்திருந்த அவருடைய பாவா, அதாவது அக்காள் கணவர், கொடுத்த ஜெனரேட்டர் அது. கிருத்திகைக்கு வந்த உறவுக்காரக் குடும்பம் ஒன்று ரகுபதியின் முன்பக்க அறையில் தங்கியிருந்தது. அதில் பிறந்து இருபது நாளான குழந்தை ஒன்று. புழுக்கத்தில் குழந்தை அழுகிறதே என்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரால் ஜெனரேட்டரை முன்பக்க அறைச் சுவரிலிருந்த பிளக்கோடு இணைத்திருக்கிறார். மின்சாரம் அந்த அறைக்குள் மட்டும் நிற்கவில்லை. வீட்டிலிருந்து வெளியேறிக் கம்பத்துக்கு வந்து, மங்கம்மா வீட்டு ஃபேனையும் சுழற்றி, லைனில் காத்துக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு விஷயம் புரிந்ததும் ரகுபதியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"மெயினை எறக்கிட்டுத்தான் சார் போட்டேன். எனக்குத் தெரியும் சார், பாவா சொல்லியிருக்காரு. மெயினை எறக்கிட்டுத்தான் போட்டேன். அந்த முருகன் மேல ஆணையா!"

"மெயினை எறக்கியிருந்தா கரண்டு எப்படிய்யா வெளிய வரும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் கேட்டது சரியான கேள்விதான். ரகுபதியைத் திருவிழாவுக்காகப் போட்டிருந்த காவல் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

ரகுபதி வீட்டுக்குப் போகும் வயரைக் கம்பத்திலேயே துண்டித்தோம். சங்கிலியை மாட்டி வைத்துவிட்டு முனிரத்தினம் ஏறிக் கம்பியைக் கட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் மோட்டார் ஓடியது. யாரும் தாகத்தில் சாகவில்லை. நான் அவசரப்படுத்தி மிச்சம் பிடிக்கப் பார்த்த முக்கால் மணி நேரம் அன்றைய கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம்கூட இருந்திருக்காது.

அதன் பிறகு நான் ரகுபதி வீட்டுக்குள் போனேன். அவர் மனைவி தனலட்சுமி கதவோரம் நின்றிருந்தார். அழவில்லை. "நீங்களே பாருங்க சார். அது எறக்கித்தான் இருக்குது. யாரும் தொடல," என்றார்.

மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறங்கித்தான் இருந்தது. அதன் மேல் தூசியும் கைவிரல் பட்ட தடமும் தெரிந்தன. மீட்டர் பலகையின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு ஒரு ஜோடி வயர் போனது. அதே இடத்திலிருந்து இன்னொரு ஜோடி வயர், சுண்ணாம்பு அடித்து மறைந்துபோய், சுவரைத் துளைத்து நேராக முன்பக்க அறைக்குப் போனது. மெயின் சுவிட்சைத் தொடாமலேயே போனது. அந்த அறைக்கு மெயின் என்று ஒன்று இல்லவே இல்லை. ரகுபதி கைப்பிடியை நூறு தடவை இறக்கினாலும் அந்த அறைக்கும் தெருக் கம்பத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்திருக்காது.

டார்ச்சை அணைத்தேன். ஐந்து மாதத்துக்கு முன் அந்த வீட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

கூடுதல் விளக்குகளுக்காக ரகுபதி மனு கொடுத்திருந்தார். சோதிக்கப் போனேன். கூடத்தைப் பார்த்தேன், தறி அறையைப் பார்த்தேன். கைப்பிடியை இறக்கினேன். விளக்குகள் அணைந்தன. முன்பக்க அறை பூட்டியிருந்தது. அதில் ஒரு டைலர் கடை வைத்திருந்து, காலி செய்துகொண்டு கனகம்மாசத்திரத்துக்குப் போய்விட்டார், சாவி அவரிடம் இருக்கிறது என்றார் ரகுபதி. "அதுவும் இதே லைன்தானுங்களே?" என்று கேட்டேன். "ஆங், இதே லைன்தான் சார்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். டைலர் யாரையோ வைத்துத் தனியாக வயர் இழுத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது. சாவி வந்ததும் இன்னொரு நாள் வந்து பார்க்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "முழு வீடும் பார்வையிடப்பட்டது. எல்லா இணைப்பும் மெயின் சுவிட்சின் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

நீங்கள் சோதிக்கப் போகிற வீடுகளிலும் மாடிக் கதவு பூட்டியிருக்கும். "தகடு மேல இருக்குது சார், நல்லா வேலை செய்யுது" என்பார்கள். அவர்கள் மனதறிந்து பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததைப் பார்ப்பதற்குத்தான் உங்களை அனுப்புகிறார்கள்.

மதியம் என் மேலதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து நான்கு இடத்துக்கு அலைந்து களைத்திருந்தார். அலுவலகத்தில் பழைய சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தார். "எல்லாம் மெயினுக்கு உள்ளதான் இருக்குன்னு நீயே எழுதியிருக்கே. அப்ப அவன் மெயினை எறக்கல. பயந்துகினு அப்புறமா எறக்கியிருக்கான். அப்படியே எழுதிடு. போலீஸ் பாத்துக்கும்," என்றார். பிறகு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நான் உடனே வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. "சரி சார்" என்றேன்.

உட்கார்ந்து எழுதினேன். ரகுபதி மெயினை இறக்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. ஆகவே சாமர்த்தியமாக எழுதினேன். முன்பக்க அறையில் விதிக்குப் புறம்பான வயரிங் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் வழியே வீட்டுக்காரர் ஜெனரேட்டரை இணைத்திருந்தார் என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பெயர் எங்கும் இல்லை. படித்துப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

சம்பவ இடத்தில் இருந்தவர் என்ற முறையில் முனிரத்தினமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"படிங்க சார், கேக்கறேன்," என்றார்.

படித்தேன். முழுவதையும் கவனித்தார்.  பிறகு கேட்டார்.

"அந்த ரூமு வயரிங் எப்ப பண்ணது சார்? நீங்க செக் பண்றதுக்கு முன்னாடியா, அப்பாலயா?"

 "முன்னாடி," என்றேன்.

அவர் தலையாட்டினார்.  பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அவர் போட்டிருப்பார். ஏனென்றால் தாளில் இருந்தது எதுவும் பொய் இல்லை. நான் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கிழித்தேன்.

இரண்டாவது அறிக்கை நீளமாக இருந்தது. வீட்டைச் சோதித்தபோது முன்பக்க அறையை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்திட்டேன் என்று எழுதினேன். வீட்டுக்காரர் மெயினை இறக்கியிருந்தார், அவர் சொன்னது உண்மை என்று எழுதினேன். மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்தது அவர் தவறு, அது பாதுகாப்பு விதிக்கு முரண் என்பதையும் விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் எச்சரித்தும் நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, சங்கிலி இல்லாமல் ஏறும்படி லைன்மேனுக்கு உத்தரவிட்டேன், அவர் மறுத்தார், மறுத்தது சரி என்று முடித்தேன். முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"எனக்கு இவ்ளோ எழுத வேணாமே சார்," என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு காவல் கொட்டகைக்கு நடந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது உங்களுக்கே தேவையா சார்?" என்று கேட்டார். பிறகு ரகுபதியை எழுப்பி அனுப்பினார். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது.

வெளியே வந்ததும் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். வயர் எப்படிப் போகிறது என்பதை மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவர் கேட்டது வேறு.

"அந்த ரூம்லதான் சார் கொழந்த இருந்துச்சி. அதுக்கு ஒண்ணும் ஆவலயே?"

"ஆவல. நல்லா இருக்குது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"மேல ஏற இருந்தாரே, அவருக்கு?"

"அவருக்கும் ஒண்ணும் இல்ல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் வீட்டு வயரிங்கை ஒழுங்கு செய்து, மாற்று சுவிட்ச் பொருத்தி, மறுபடி இணைப்புக் கொடுத்தபோது தனலட்சுமி மோர் கொண்டுவந்து வைத்தார். ரகுபதி தறியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை.

எனக்கு எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது. பணிப் பதிவேட்டில் ஏறியது. மேலதிகாரி கோபப்பட்டார், பிறகு ஆறினார். அவர் சொல்லாமலே நான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். மூன்று வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட வீடுகள் அத்தனைக்கும் மறுபடி போனேன். வாரத்துக்கு இரண்டு மாலை ரயிலைத் தவறவிட்டேன். பெரும்பாலான வீடுகள் சரியாக இருந்தன. மெயினைச் சுற்றிக்கொண்டு போன வயர் இன்னும் இரண்டு வீடுகளில் இருந்தது. அந்த இரண்டிலும் நான் ஒழுங்காகப் பார்த்ததாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

கிருத்திகை முடிந்து பத்து நாள் இருக்கும். முனிரத்தினம் என் மேசை முன் வந்து நின்றார்.

"உக்காருங்க," என்றேன்.

உட்காரவில்லை. "சார், என்னிய அந்த இன்னொரு ஜே.இ. சார் குழுவுல மாத்தி உட்டுடுங்க."

"என்மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல சார். நீங்க எழுதுனத நானும்தானே கேட்டேன். எல்லாம் சரியாத்தான் எழுதினீங்க." கொஞ்சம் தயங்கினார். "மேல ஏறும்போது, கீழ நிக்கிறவரப் பத்தி யோசன வரக் கூடாது சார். இப்ப எனக்கு வருது."

அவரைச் சமாதானப்படுத்த ஏதேதோ வார்த்தைகள் நாக்கு வரை வந்தன. நல்லவேளையாக எதையும் சொல்லவில்லை. மாற்று உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையை எழுதிக் கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மையை எழுதியது ரகுபதிக்கு நான் கொடுக்க வேண்டியது. முனிரத்தினத்தின் நம்பிக்கை வேறு கணக்கு. அதற்குக் காகிதத்தில் எழுதித் தீர்க்கும் வழி இல்லை.

ஒரே ஊர், ஒரே அலுவலகம். பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய் வந்தேன். ஆனால் இரண்டு வருடம் அவர் வேலை செய்த கம்பத்தின் கீழ் நான் நிற்கவில்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் பெரிய மழை. கே.ஜி.கண்டிகை பக்கம் வரிசையாகக் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. எல்லாக் குழுக்களையும் ஒன்றாக்கி அனுப்பினார்கள். வயல் வரப்பில் நடந்து ஒரு கம்பத்துக்குப் போனால் அங்கே முனிரத்தினம் நின்றிருந்தார். அவருடைய ஜே.இ. வேறு பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த லைனில் வீடுகள் ஏழு. நான் ஏழு வீட்டுக்கும் சேற்றில் நடந்து போய், ஒவ்வொன்றிலும் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வயலில் இருந்தவரைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறக்க வைத்தேன். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முனிரத்தினம் அதுவரை குடைக்குள் உட்கார்ந்திருந்தார். 

லைனைச் சோதித்து முடித்ததும் அவர் ஏணியில் ஏறினார். ஆறேழு படி ஏறியதும் நின்று கீழே பார்த்தார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"சார், கீழ நீங்கதானே நிக்கிறீங்க?"

"ஆங், நான்தான்."

"சரி," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.